டிங்கர் வீட்டு மறுபடி

நசுங்கிப்போன வண்டியை நிமிர்த்துவதில் டிங்கரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. லாரியோ, பள்ளிக்கூட வேனோ, பெரிய மனிதர் ஒருவரின் பளபளக்கும் காரோ, எது வந்து நின்றாலும் அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பள்ளம் விழுந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "இதெல்லாம் ஒரு அடியா" என்று வண்டிக்காரனைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே பாதி நெளிவு எடுபட்டதுபோல வண்டிக்காரனுக்குத் தெம்பு வந்துவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவர். இரண்டு கைகளையும் ஒரு சுத்தியலையும் தவிர அவருக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பட்டறை, பட்டறைக்குப் பின்னால் ஒரு வீடு, அந்த வீட்டிலிருந்து ஒரு பீரங்கிப் படை அதிகாரி என்று வரிசையாக நிமிர்த்திக் காட்டினார். படித்தவர்கள் முடிந்தால் செய்து காட்டட்டும்.

அந்த அதிகாரி அவருடைய தம்பி. போரில் செத்துப்போன தம்பி. இது அவனுடைய கதைதான். ஆனாலும் டிங்கரின் காதிலிருந்து ஆரம்பித்தால்தான் தம்பியின் கதை விளங்கும்.

நாள் முழுக்கத் தகரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சுத்தியல் போடுகிறவனுக்குக் காது எப்படி நிற்கும்? சுத்தியல் அவருக்குச் சோறு போட்டது, கூலியாகக் காதை எடுத்துக்கொண்டது. வயது ஏறுவதற்கு முன்பே பாதி அடைத்துவிட்டது. அதை ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? யாராவது சொன்னது காதில் விழாவிட்டால் "மறுபடி" என்பார். அவ்வளவுதான். "கேக்கலை" என்று சொன்னால் குறை தன் காதில் என்றாகிவிடும். "மறுபடி" என்று அதிகாரமாகச் சொன்னால் குறை எதிராளியின் வாயில் என்றாகிவிடும். வாடிக்கையாளர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே சந்தேகப்பட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் சொல்வார்கள். மெல்ல மெல்ல அந்தச் சொல் வீட்டுக்குள்ளும் புகுந்தது. காது நன்றாகக் கேட்கிற அவர் மனைவியும் அடுப்படியிலிருந்து "மறுபடி" என்றாள். தம்பியும் "மறுபடி" என்றான். அந்த வீட்டில் "என்ன" என்ற சொல்லுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இந்த ஒரு சொல்லைத் தம்பி கடைசியாக எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று தெரியாமல்தான் பின்னாளில் டிங்கருக்குச் சோறு தண்ணி இறங்காமல் போனது. அதற்கு வருவோம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பி நடக்கப் பழகும் வயதிலேயே டிங்கரின் கைக்கு வந்து சேர்ந்தான். டிங்கருக்கும் அவர் மனைவிக்கும் சொந்தமாகப் பிள்ளை பிறக்கவில்லை. தம்பி பிள்ளையானான், அண்ணி அம்மாவானாள். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, ஒரு சின்னச் சங்கடத்தைத் தவிர: பையனின் குரல். தெருமுனையில் அவன் கூப்பிட்டால் தெருக்கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். தெருவே அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தது.

குரல் சும்மா வரவில்லை. நெளிவு எடுக்கிற வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. அடிக்கிறவன் வண்டிக்குள்ளே முடங்கி உட்கார்ந்து உள்பக்கமாக அடிப்பான். அடி வெளியே எப்படி எழும்புகிறது என்பது அவனுக்குத் தெரியாது. வெளியே நிற்பவனுக்குத்தான் தெரியும். தம்பிக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. புத்தகத்தை ஒரு கையில் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடித் தகரத்தின் மேல் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி, "இடது ரெண்டு விரல். கொஞ்சம் மேல. அங்கதான், இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பாதிச் செவிடான அண்ணனுக்கு, அதுவும் தகரத்துக்குள் இருக்கிறவருக்கு, சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவன் கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக ஆணி அடித்ததுபோல வைத்தான். அவன் சொல்லி டிங்கர் அடித்த ஒரு பஸ் கதவில் பெண்கள் முகம் பார்த்துப் பொட்டு வைத்தார்கள் என்று டிங்கர் சொல்வார். நம்பாதவர்கள் அந்தப் பஸ்ஸைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

படிப்பில் அவன் கெட்டிக்காரன். டிங்கர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. தம்பி இன்ஜினீயர் ஆகிவருவான், பட்டறை தொழிற்சாலை ஆகும், வாசலில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் பெரிதாக இருக்கும். ஒரு நாள் மத்தியானம் தம்பி வந்து பீரங்கிப் படைக்கு அதிகாரியாகத் தேர்வாகிவிட்டதாகச் சொன்னான். டிங்கர் "மறுபடி" என்றார். காதில் விழாமல் இல்லை. இரண்டாவது தடவை வேறு பதில் வராதா என்றுதான். அண்ணி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, நாட்டில் வேறு வேலையே இல்லையா, போயும் போயும் குண்டு போடுகிற வேலையா என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். டிங்கர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு லாரியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

தம்பியும் பின்னாலேயே போய் லாரிக்கு அடியில் படுத்தான். பீரங்கி எப்படிச் சுடும் என்று விளக்கினான். பீரங்கி மலைக்குப் பின்னால் தூரத்தில் நிற்கும். சுடுகிறவனுக்கு எதிரி கண்ணிலேயே பட மாட்டான். ஒரு அதிகாரி மட்டும் முன்னால் போய், காலாட்படைக்காரர்களோடு பதுங்கி உட்கார்ந்து, பைனாகுலரில் பார்த்து, குண்டு எங்கே விழுகிறது என்று வயர்லெஸ்ஸில் சொல்வான். இடது ஐம்பது, கூட்டு நூறு, குறை இருபத்தைந்து என்று அவன் சொல்லச் சொல்லப் பின்னால் இருப்பவர்கள் திருத்திச் சுடுவார்கள்.

டிங்கர் லாரியின் வயிற்றிலிருந்து கண்ணை எடுத்துத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"டேய், இது நம்ம பட்டறை வேலைதானடா."

"ஆமாண்ணே. சுத்தியல் மட்டும் கொஞ்சம் பெருசு."

அதற்குமேல் அவருக்கு மறுக்கத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: பீரங்கிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற பாடமெல்லாம் தன் பட்டறையில் ஏற்கெனவே நடந்து முடிந்த பாடம் என்று.

பயிற்சிக்குப் போன தம்பி முதல் விடுமுறையில் கழுத்து கறுத்து, தோள் அகன்று, இடுப்பு சிறுத்து வந்தான். கூடவே ஒரு சிநேகிதனையும் கூட்டிவந்தான். ஒல்லியாக, ஒரு பெரிய ஆள் உயரத்துக்கு இழுத்த கம்பிபோல இருந்தான். பட்டறை ஆட்கள் வாசலிலேயே அவனுக்குக் குச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குச்சி அதற்குக் கோபப்படவில்லை. பட்டறையில் ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பின்சீட்டில் உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, தம்பி செய்த ஒரு காரியத்தை அவன்தான் போட்டுக்கொடுத்தான்.

பீரங்கிப் படையில் "மறுபடி" என்பது ஒரு உத்தரவு. போன குண்டு விழுந்த அதே இடத்தில் அதே அளவில் இன்னொரு தடவை போடு என்று அர்த்தம். எதிரில் பேசுகிறவன் சொன்னது காதில் விழாவிட்டால் "திருப்பிச் சொல்" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். வாய் தவறியும் "மறுபடி" வரக்கூடாது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். தம்பியும் தேர்வில் சரியாகத்தான் எழுதியிருந்தான். ஒரு நாள் பயிற்சி மைதானத்தில் தம்பி மேட்டில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும், குச்சி பீரங்கிகளின் பக்கம் வயர்லெஸ்ஸில் இருக்க வேண்டும். எவனோ கணக்கைத் தப்பாகப் போட்டதில் முதல் குண்டு இலக்கை விட்டுவிட்டு ஒரு சேற்றுக் குட்டையில் போய் விழுந்தது. குட்டைக்கு இந்தப் பக்கம், யாருக்கும் எந்த ஆபத்தும் வராது என்று, தலைமை அதிகாரியின் ஜீப் நின்றிருந்தது. சேறு எழும்பி ஜீப்பை அப்படியே போர்த்தியது. குச்சி வயர்லெஸ்ஸில், எங்கே விழுந்தது என்று கேட்டான். காற்றில் அது தம்பிக்குச் சரியாக விழவில்லை. வாயில் வீட்டு வார்த்தை வந்துவிட்டது.

"மறுபடி."

அடுத்த குண்டும் ஒரு விரல்கூடப் பிசகாமல் அதே குட்டையில் விழுந்தது. இந்தத் தடவை, ஜீப்புக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அதிகாரியும் இறங்கி நின்றிருந்தார்.

யாருக்கும் அடி இல்லை. சேற்றுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் தெரிந்ததாகக் குச்சி சொன்னான். தண்டனையாகத் தம்பி மைதானத்தின் நடுவில் கொடிக்கம்பத்தைப் பார்த்து நின்றுகொண்டு "திருப்பிச் சொல், திருப்பிச் சொல்" என்று தொண்டை கட்டும்வரை சொல்ல வேண்டியிருந்தது. கொடிக்கம்பம் கடைசிவரை திருப்பிச் சொல்லவில்லை. அண்ணி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிங்கருக்கோ பெருமை பிடிபடவில்லை. குறி தப்பியும் ஒரே இடத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறானே, அது யாரால் முடியும் என்று கேட்டார்.

தம்பி எழுந்து நின்று ஒரு அறிவிப்புச் செய்தான். அதிகாரித் தோரணை அதற்குள் வந்துவிட்டது.

"இனிமே இந்த வீட்ல யாரும் அந்த வார்த்தைய சொல்லக் கூடாது. காதுல விழலைன்னா 'திருப்பிச் சொல்லு'ன்னு சொல்லுங்க. இல்லைன்னா என் வேலை போயிடும்."

டிங்கர் காதைத் திருப்பி, "மறுபடி" என்றார்.

சட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால் தம்பி தன்னளவில் விடாப்பிடியாக இருந்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுற்றிலும் எல்லோரும் "மறுபடி, மறுபடி" என்று கொட்டிக்கொண்டிருக்க, அவன் மட்டும் "திருப்பிச் சொல்லுங்கண்ணி" என்று நாக்குக்குக் கடிவாளம் போட்டுப் பேசினான்.

அவன் கல்யாணமும் அந்தச் சொல்லால்தான் நடந்தது என்று சொல்லலாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேன் ஒரு வாசல்தூணோடு மோதிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. கூடவே கணக்கு டீச்சர் வந்தாள். டீச்சருக்குக் குரல் பஞ்சுபோல. அவள் நிதானமாக, எங்கே இடித்தது, என்றைக்கு வேண்டும் என்று சொல்ல, டிங்கர் "மறுபடி" என்றார். அவள் திரும்பச் சொன்னாள். "மறுபடி" என்றார். விடுமுறையில் வந்திருந்த தம்பி பக்கத்தில் நின்று, அவள் சொன்னதையே அப்படியே தன் குரலில் எடுத்துச் சொன்னான். டீச்சர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் நெளிவு எடுத்த வேனைக் கொண்டுபோக வந்தாள். அப்புறம் வேனில்லாமலும் வந்தாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தபோது, சாட்சி யார் என்று பதிவாளர் கேட்டதற்கு டிங்கர் "மறுபடி" என்றார். பதிவாளர் பதறிப்போய்க் கல்யாணத்தையே முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆகவே தன் தம்பிக்கு இரண்டு தடவை கல்யாணம் நடந்ததாக டிங்கர் கணக்கு.

டீச்சர் அந்த வீட்டுக்கு வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்தக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சு இப்போது தூங்குவதில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். தம்பி கேப்டன் ஆனான். எல்லையில் உரசல் என்று பேச்சு அடிபட ஆரம்பித்த நாட்களில் கடைசி விடுமுறைக்கு வந்தான். பயணக் களைப்பில் விடிந்தும் வெகுநேரம் தூங்கி எழுந்து, கொல்லைப்புறத்தில் கண்ணாடியை ஆணியில் மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து டீச்சர் ஏதோ கேட்டாள்.

"மறுபடி" என்றான் தம்பி.

சொன்னதும் கத்தியை அப்படியே கன்னத்தில் நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த டிங்கரைப் பார்த்தான். இரண்டு பேரும் நுரையோடு சிரித்தார்கள்.

"பாத்தியாண்ணே, வீட்டுக்கு வந்தா நாக்கு யூனிஃபார்ம கழட்டி வச்சிடுது."

போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் போர் வந்தது.

அந்தச் சண்டையைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஜெனரல்கள் நிறையப் பேசுகிறார்கள். டிங்கருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு ஆற்றுக்கு முன்னால் ஒரு மேடு. மேட்டில் நம் காலாட்படைக்காரர்கள் ஒரு பிரிவு, அவர்களோடு பார்த்துச் சொல்லத் தம்பி. எதிரிகள் எறும்புப் புற்றை மிதித்ததுபோலக் கிளம்பி வந்துவிட்டார்கள். பின்னால் இருக்கும் பாலத்தைத் தாண்டிப் போய்விடும்படி காலாட்படைக்கு உத்தரவு வந்தது. அத்தனை பேரும் பாலம் தாண்டும்வரை மேட்டை எதிரி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். தம்பி வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான். எதிரிகள் மேட்டின் மேலேயே ஏறிவிட்டபோது, தான் இருந்த இடத்தின் மேலேயே குண்டு போடச் சொன்னான். போட்டார்கள். அதன் பிறகும் போட்டார்கள். காலாட்படைக்காரர்கள் பாலம் தாண்டிவிட்டார்கள்.

சேதி சொல்ல இரண்டு அதிகாரிகள் பட்டறைக்கு வந்தார்கள். டிங்கர் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது நான்கு பளபளப்பான பூட்ஸ் மட்டும்தான். அவற்றில் ஒன்று சொல்ல வந்ததைச் சொன்னது. டிங்கர் படுத்தபடியே "மறுபடி" என்றார். அந்த அதிகாரி குனிந்து திரும்பவும் சொன்னார். டிங்கர் திரும்பவும் "மறுபடி" என்றார். அடுப்படியிலிருந்து அண்ணி ஓடிவந்து அந்த அதிகாரியின் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அது நடந்தது.

பிறகு பதக்கம் கொடுக்கும் விழா. பெரிய மைதானம், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். டீச்சர் தலை நிமிர்ந்து போய்ப் பதக்கத்தை வாங்கினாள். தளபதி ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார், அதனால் டிங்கருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. முதல் குண்டுகள் விழுந்த பிறகும் அந்த வீரர் உயிரோடு இருந்தார், வயர்லெஸ்ஸில் பேசினார் என்று தளபதி சொன்னார். கடைசியாக அவர் சொன்ன சொல் "மறுபடி" என்று நிறுத்தினார். மைதானம் முழுக்கக் கைதட்டியது. அண்ணிகூட அழுதபடி தட்டினாள். டிங்கரின் கைகள் மட்டும் முழங்காலின் மேல் கிடந்தன.

ஊருக்கெல்லாம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். டிங்கருக்கு இரண்டு. பக்கத்தில் குண்டு விழுந்தால் காது என்ன பாடுபடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அடைத்துக்கொள்ளும், உள்ளே ரீங்காரம் போடும், எதிரில் ஆள் வாயசைப்பது மட்டும் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் வயர்லெஸ்ஸில் யாரோ ஏதோ பேச, காது கேட்காமல், களைப்பில், யூனிஃபார்மைக் கழற்றிய நாக்கு வீட்டு வார்த்தையை எடுத்து விட்டிருந்தால்? என்ன சொன்னீர்கள் என்று அவன் கேட்க, அவர்கள் குண்டு போட்டிருந்தால்? அப்படியானால் அவனைக் கொன்றது எதிரியும் இல்லை, பீரங்கியும் இல்லை. தன் வாயில் பிறந்து, தன் வீட்டில் வளர்ந்த ஒரு சொல்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரிடம் சொல்லவே முடியாது. அவள் அந்தப் பதக்கத்தைப் பார்த்துத்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள். அதன் மேல் இந்தக் கரியைப் பூச அவருக்கு மனமில்லை. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டார். காதில் விழாவிட்டால் விழுந்ததுபோலத் தலையாட்டினார்.

அதன் பலனைப் பட்டறை அனுபவித்தது. பச்சை அடிக்கச் சொன்ன வேனுக்கு நீலம் அடித்தார். பின்கதவு சாத்தவில்லை என்று வந்தவனின் முன்கதவைக் கழற்றி வைத்தார். கண்ணாடி துடைக்கச் சொன்ன காருக்குக் கண்ணாடியே மாற்றினார். "டிங்கருக்கு என்ன ஆச்சு, முன்னெல்லாம் மறுபடி மறுபடின்னு உயிரை வாங்குவாரே, இப்ப வண்டியை வாங்கிடறாரே" என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணி கவனித்தாள். கேட்டால் தலையாட்டினார். தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே திரும்பிப் போயிற்று.

போர் முடிந்து, மழைக்காலமும் முடிந்து, வெயில் ஏறிய ஒரு முற்பகலில் பட்டறை வாசலில் ஒரு ஊன்றுகோல் வந்து நின்றது. பின்னாலேயே குச்சி. முன்னைவிட மெலிந்திருந்தான், அப்படி ஒன்று சாத்தியம் என்றால். ஒரு கால் சரியாக மடங்கவில்லை. டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பழைய பின்சீட்டைத் தட்டிக்கொடுத்தார். குச்சி உட்காரவில்லை.

"அண்ணே, நான் முன்னாடியே வந்திருக்கணும். ஆஸ்பத்திரி, அது இதுன்னு சாக்கு சொல்லிட்டேன். பயம்தான். அன்னிக்கு வயர்லெஸ்ல இருந்தது நான். சுடச் சொன்னதும் நான்தான். நீங்க அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

டிங்கர் ஈயை ஓட்டுவதுபோலக் கையை வீசினார். அது அவர் கேட்கக் காத்திருந்த விஷயமே இல்லை. குச்சியின் தோளை அழுத்திச் சீட்டில் உட்காரவைத்து, பட்டறை ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். எல்லாச் சுத்தியலும் நின்றன. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி அதற்குமுன் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. அவர் தன் நல்ல காதை, அதாவது கொஞ்சம் குறைவாகக் கெட்டுப்போன காதை, குச்சியின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"அவன் அந்த வார்த்தைய சொன்னானே தம்பி. அதுக்கு முன்னாடி என்ன சொன்னான்? நீங்க என்ன கேட்டீங்க?"

குச்சி ஊன்றுகோலைச் சீட்டின் மேல் சாய்த்து வைத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். தம்பி முதலில் குண்டு போட வேண்டிய இடத்தை எண்ணாகச் சொன்னானாம். குச்சி மேப்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அது நீ உட்கார்ந்திருக்கிற இடம்டா என்றானாம். எனக்கும் மேப் பார்க்கத் தெரியும், சொன்னதைச் செய் என்று பதில் வந்ததாம். சுட்டார்களாம். அதன் பிறகு வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை.

"எனக்கு அந்தச் சேறு ஞாபகம் வந்துடுச்சுண்ணே. அந்த ஜீப்பு. இவனுக்குக் காது அடைச்சிருக்கும், இப்ப நான் ஏதாவது கேட்டு, இவன் உங்க வீட்டு பாஷையில பதில் சொல்லி வச்சா நான் என்னன்னு எடுத்துக்கிறது? அதனால வேற எதையும் கேக்கலை. டேய், நான் பேசறது காதுல விழுதா, அதை மட்டும் சொல்லுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'கேக்குதுடா. எங்கண்ணன் பட்டறைய விட சத்தம் கம்மிதான். மறுபடி.' அவ்வளவுதாண்ணே."

டிங்கர் அவன் வாய்க்குப் பக்கத்தில் வைத்த காதை எடுக்கவே இல்லை. குச்சி பயந்துபோய் வேகமாகப் பேசினான். பட்டறை விஷயத்தையெல்லாம் மேலிடத்துக்கு எழுத முடியவில்லை, அது மரியாதையாக இருக்காது என்று கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டார்கள், தன்மேல் தப்பில்லை என்றான்.

டிங்கரின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. அவர் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேக்குது. அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேச்சு நடந்திருக்கிறது. "கேக்குது" என்று சொன்னவன் அடுத்த மூச்சிலேயே "என்ன" என்ற அர்த்தத்தில் "மறுபடி" என்று சொன்னதே கிடையாது. கேட்டுவிட்டால் எதற்கு மறுபடி? கேட்காதவனுக்குத்தான் மறுபடி. தம்பிக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதைச் சொல்லிவிட்டு, உத்தரவைச் சொன்னான். யூனிஃபார்மோடு சொன்னான். ஆணி அடித்ததுபோலச் சொன்னான்.

அவர் குச்சியின் முழங்காலைப் பிடித்தார். வெகுநாளாகத் துருப்பிடித்துக் கிடந்த கதவைத் திறப்பதுபோல அவர் தொண்டை ஒரு தடவை கரகரத்தது.

"மறுபடி" என்றார்.

குச்சிக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தான், விளங்கிக்கொண்டான். முதலிலிருந்து திரும்பச் சொன்னான், இந்தத் தடவை உரக்க. அண்ணி டீயோடு வந்து நின்றவள் டீயை மறந்துபோனாள். அவளுக்காக இன்னொரு தடவை. பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டு டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது டிங்கர் அவளையும் கையைப் பிடித்து இழுத்துவந்து சீட்டில் உட்காரவைத்து, குச்சியைப் பார்த்து "மறுபடி" என்றார்.

டீச்சர் கடைசிவரை கேட்டாள். பிறகு கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"மாமா, அன்னிக்கு சவரம் பண்ணிட்டிருந்தப்ப நான் ஏதோ கேட்டதுக்குத்தானே அவரு அப்படிச் சொன்னாரு" என்றாள். குரல் பழையபடி பஞ்சாகிவிட்டிருந்தது. "எனக்கும் அந்த சந்தேகம்தான். உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்."

டிங்கருக்கு இதில் ஒரு சொல்லும் விழவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் விடாமல் "மறுபடி" என்றார். டீச்சர் தெரு அதிரும்படி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். பட்டறை ஆட்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு சுத்தியலை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட தகரத்தை அடிக்க ஆரம்பித்தார்கள். குச்சி அன்று மத்தியானம் வறுத்த மீனும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டான். டிங்கரும்தான். குச்சி போட்டிபோட்டும் அவரை ஜெயிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் டிங்கர் ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டுப் பட்டறை வாசலுக்குப் புதுப் பலகை எழுதச் சொன்னார். பச்சை வேனுக்குத் தப்பாக அடித்ததில் மிஞ்சிய நீலப் பெயிண்ட் நிறைய இருந்தது. "பீரங்கியை விடச் சத்தமான பட்டறை" என்று பெரிதாக, அதற்குக் கீழே சின்னதாக "சொன்னவர்: கேப்டன், இந்த வீட்டுப் பிள்ளை" என்று. "சத்தமான" என்பதில் ஓவியர் துணைக்காலை விட்டுவிட்டார். டீச்சர் ஏணியில் ஏறி அவளே அதைச் சேர்த்தாள். அவள் ஏணியின் மேலிருந்து ஏதோ சொன்னாள். டிங்கர் கீழே ஏணியைப் பிடித்தபடி, தெருக்கோடிவரை கேட்கும்படி, "மறுபடி" என்றார்.